2 லட்சத்துக்குள் பழைய ஆம்னி: காலையில் மக்கர், மலையில் சூடு. வாங்கலாமா?

கேள்வி இதுதான். சேலத்தில் சின்னதாகக் கேட்டரிங் தொழில் தொடங்கியிருக்கும் ஒருவருக்குப் பாத்திரங்களையும் இரண்டு மூன்று ஆட்களையும் ஏற்றிப்போக ஒரு வேன் வேண்டும். கையில் இருப்பது ரூ. 2 லட்சம். 2011 மாடல் மாருதி ஆம்னி ஒன்று ரூ. 1.60 லட்சத்துக்கு வந்திருக்கிறது. பெட்ரோல் வண்டி, இரண்டாவது ஓனர், வெள்ளை போர்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மக்கர் பண்ணுகிறது, ஏற்காடு ஏறினால் சூடாகிறது. "ரெண்டும் சின்ன வேலைதான் சார், டியூனிங் பண்ணினா சரியாயிடும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

முதலில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆம்னியில் என்ஜின் கோளாறு ஒரு பெரிய விஷயமே இல்லை. அந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின் மாருதி 800-ல் ஓடிய அதே குடும்பம். தமிழ்நாட்டில் எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கி ஏற்றுவார், பாகங்களும் கிடைக்கும். வண்டியைச் சாகடிப்பது துருவும், சிக்கலான ஆர்.சி.யும் (பதிவுச் சான்று) தான். அதனால் நான் வண்டி பார்க்கப் போனால் காகிதம், தகரம், அப்புறம்தான் என்ஜின் என்று போவேன். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். என்ஜின் சத்தத்தைக் கேட்டதும் மனசு வைத்துவிடுகிறார்கள்.

காகிதத்தில் உங்களுக்கு ஒரு குறிப்பான சிக்கல் இருக்கிறது. 2011 மாடல் என்றால் 2026-ல் 15 வருடம் முடிகிறது. சொந்த வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து கார், வேன்களுக்கு அந்தக் கட்டணம் ரூ. 5,000. முன்பு 600 ரூபாய்தான் இருந்தது. 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் அதை ரூ. 10,000 ஆக்கிவிட்டார்கள். இதோடு பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் காலம் கடத்தினால் மாதம் ரூ. 500 கூடுதலாக ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஆர்.சி.யில் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். முடிந்துவிட்டது அல்லது சில மாதங்களில் முடிகிறது என்றால், "நீங்களே புதுப்பித்துக் கொடுங்கள், பிறகு பணம்" என்று சொல்லுங்கள். புதுப்பிக்கும்போது வண்டியை அதிகாரி பார்ப்பார். ஓட்டை விழுந்த தரையும் பிடிக்காத பிரேக்கும் அங்கேயே வெளியே வந்துவிடும். உங்களுக்கு இலவசமாக ஒரு பரிசோதனை.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ், கடன் நிலுவை எல்லாம் வரும். இ-சலான் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடன் காட்டினால் ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் ஏறியிருக்கும் கடன் பதிவு, கேன்சல் ஆக வேண்டும். அதற்கு வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் தேவை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர்கள் சிலரிடம் பழைய ஓனர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 29, 30 வெற்றுப் படிவங்கள் கட்டாக இருக்கும். வண்டி மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆள் பெயரே நிற்கும். அப்படிப்பட்ட வண்டியை, ஆர்.சி.யில் பெயர் உள்ள ஆளை நேரில் பார்க்காமல், அவரிடம் பேசாமல் வாங்காதீர்கள். அந்த ஆள் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ், படிவம் 31 என்று அது தனிக் கதை, மாதக்கணக்கில் இழுக்கும்.

ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே பதியும். எழுத்துகள் சீராக இல்லாமல், சுற்றிலும் வெல்டிங் தழும்போ புது பெயின்டோ இருந்தால் வண்டியைத் தொட வேண்டாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

இன்னொன்று, ஆர்.சி.யில் எத்தனை சீட் என்று போட்டிருக்கிறது, எரிபொருள் என்ன என்று போட்டிருக்கிறது, இரண்டையும் படியுங்கள். சரக்கு வண்டியாக வந்த ஆம்னி கார்கோவில் பின்னால் சீட் போட்டு விற்பவர்கள் உண்டு. பெட்ரோல் என்று எழுதியிருக்கும், உள்ளே கேஸ் கிட் இருக்கும். கேஸ் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும், டேங்குக்கு அழுத்தப் பரிசோதனைச் சான்று காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரில் ஓட்டிய அடையாளம், அதாவது பின்னால் தரையில் துளை, ரப்பர் குழாய், ஒட்டுப்போட்ட வால்வு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அந்த வண்டியில் சோற்றுப் பாத்திரத்தோடு ஆட்களையும் உட்கார வைக்கப் போகிறீர்கள்.

சரி, தகரத்துக்கு வருவோம். பகலில், வெயிலில், கழுவாத வண்டியைப் பாருங்கள். ஆம்னியில் துரு தொடங்கும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் ஒன்றுதான். ஸ்லைடிங் கதவு ஓடும் கீழ் ரெயிலில் மண்ணும் தண்ணீரும் தங்கும். கதவைத் திறந்து ரெயிலின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிர்ந்தால் உள்ளே இன்னும் மோசம். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் மேட்டைத் தூக்குங்கள். அங்கே புதுத் தகரம் பேட்ச் அடித்து அதன் மேல் தாரைப் பூசி வைப்பது பழைய தந்திரம். முன் கண்ணாடியின் ரப்பர் ஓரம், கூரையின் மழைநீர்க் கால்வாய், பின்சக்கர வளைவு, இவற்றையும் பாருங்கள். கடைசியாக வண்டிக்குக் கீழே படுத்து, பின் ஸ்பிரிங் பட்டை சேசிஸோடு சேரும் இரண்டு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற துருவையெல்லாம் டிங்கரிங் கடையில் வெட்டி ஒட்டலாம். பட்டை தாங்கும் இடம் அரித்திருந்தால் பாரம் ஏற்றும் வண்டிக்கு அது முடிவு. ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி வெளிப்பக்கம் முழுக்க ஓட்டுங்கள். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாமல் நழுவும்.

சேலத்து வண்டி என்றால் கொஞ்சம் நிம்மதி, உள்நாட்டு ஊர். உப்புக் காற்று இல்லை. ஆனால் வண்டி இதற்கு முன் எந்த ஊரில் ஓடியது, என்ன ஏற்றியது என்று கேளுங்கள். மீன் ஏற்றிய ஆம்னி என்றால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தரைக்குள் இறங்கியிருக்கும், எத்தனை வாசனைத் திரவியம் அடித்தாலும் மழைக்காலத்தில் காட்டிக்கொடுத்துவிடும். சென்னைப் பதிவாக இருந்தால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில், எப்போதும் உள்ளேயே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை ஒரு கோடாகத் தெரியும். சீட்டைத் துவைக்கிறவர்கள் பெல்ட்டின் வாலைத் துவைப்பதில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் மையம். காலையில் மக்கர், மலையில் சூடு: இரண்டையும் விற்பவர் தனித்தனிச் சின்ன வேலையாகச் சொல்கிறார். எனக்கு அவை இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு.

ஆம்னியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் லேசாக வளைந்துகொள்ளும். அதன் பிறகு கேஸ்கட் முழுசாக அழுத்திப் பிடிக்காது. வண்டி ஓடும்போது சிலிண்டரில் எரியும் வாயு கூலன்ட் பாதைக்குள் கசிந்து, ரேடியேட்டர் தண்ணீரைத் தள்ளும். சமதளத்தில் தெரியாது, ஏற்றத்தில், இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே போகும்போது முள் மேலே ஏறும். வண்டியை நிறுத்திய பிறகு எதிர்த்திசையில் நடக்கும். சூடான தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுத்தம், கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிண்டருக்குள் தண்ணீரை விடும். காலையில் பிளக் நனைந்திருக்கும். ஸ்டார்ட் ஆகும்போது மூன்றில் ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும், வண்டி உலுக்கும், வெள்ளைப் புகை வரும். ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். "பாருங்க, சூடானா கிளியர் ஆயிடுச்சு" என்பார் விற்பவர். அவர் சொல்வது பொய்யாகக்கூட இருக்காது, அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே நிபந்தனை: நீங்கள் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லுங்கள். போனதும் முன் சீட்டைத் தூக்கி, என்ஜின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டித் தயார் பண்ணியிருக்கிறார்கள். வேறொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். என்ஜின் பளபளவென்று கழுவியிருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். பதினைந்து வருட ஆம்னி என்ஜினில் கொஞ்சம் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருப்பதுதான் இயல்பு, எங்கிருந்து ஒழுகுகிறது என்று அதில்தான் தெரியும்.

குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் வேண்டாம், முகம் வெந்துவிடும். தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறதா, துரு நிறமா, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? மூடியைத் திறந்தபடியே வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு உள்ளே பாருங்கள். தொடக்கத்தில் ஓரிரு குமிழ் வருவது சகஜம். நிற்காமல் சோடா பாட்டில் போலப் பொங்கிக்கொண்டே இருந்தால் கேஸ்கட் போய்விட்டது. பிறகு நிறுத்தி மூடியைப் போட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். இன்னும் சூடே ஏறாத நிலையில் ஹோஸ் கல்லாக இறுகியிருந்தால் அதுவும் அதையேதான் சொல்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போக முடிந்தால் மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டினால் நடுவில் கேஸ்கட் கிழிந்திருக்கிறது. மூன்றும் சமமாகக் குறைவு என்றால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் உட்சுவர் தேய்மானம். அது பெரிய வேலை.

கேஸ்கட்தான் என்று உறுதியானால்கூட வண்டியை விட வேண்டியதில்லை. ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் பிடித்து (வளைந்த அடிப்பரப்பைச் சமமாக்கி), வால்வ் சீட் பார்த்து, புது கேஸ்கட் போட்டு ஏற்றுவது எந்த ஊரிலும் நடக்கும் வேலை. ஆனால் இந்தச் செலவை முதலில் விலையில் கழிக்க வேண்டும். மெக்கானிக்கிடம் எஸ்டிமேட் வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள். "டியூனிங்" விலையில் வாங்கிவிட்டு ஹெட் வேலை பார்க்காதீர்கள்.

கேஸ்கட் இல்லை என்று தெரிந்தால் இரண்டு கோளாறையும் பிரித்துப் பார்க்கலாம். சூட்டுக்கு முதல் சந்தேகம் ரேடியேட்டர் கோர் அடைப்பு. கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றியிருப்பார்கள். உப்புப் படிந்து குழாய்கள் அடைத்துப்போகும். அடுத்தது மின்விசிறி. வண்டியை நிறுத்தி ஓடவிட்டால் முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும் ஃபேன் தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் சுவிட்ச், ரிலே, மோட்டார் மூன்றில் ஒன்று. சில வண்டிகளில் ஃபேனுக்குத் தனி சுவிட்ச் போட்டு டாஷ்போர்டில் மாட்டியிருப்பார்கள், அதைப் பார்த்தாலே பழைய கதை புரிந்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பதும் அப்படித்தான். அது சூட்டுக்கு மருந்து இல்லை. என்ஜின் குளிர்ந்தே ஓடி, பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

காலை மக்கருக்கு, சாவியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்று கவனித்தாலே பாதி விடை. செல்ஃப் சுற்றவே இல்லை, டிக் டிக் என்கிறது என்றால் பேட்டரி, டெர்மினல் அல்லது எர்த் வயர். ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், ஓடும்போது 14-ஐ ஒட்டி. ஓடும்போதும் 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, புது பேட்டரி வாங்கினாலும் அதே கதைதான். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அல்லது தீப்பொறி. 2011 வண்டி எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பாய்ச்சும் வகை. பெட்ரோல் டேங்குக்குள் மின்சார பம்ப் இருக்கிறது. சாவியை ஆன் நிலையில் வைத்தால் பின்னாலிருந்து இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்று ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவே இல்லையென்றால் பம்ப், ரிலே, ஃபியூஸ் வரிசையில் பாருங்கள். சாவியை மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்த பிறகு உடனே ஸ்டார்ட் ஆனால், இரவில் குழாயில் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்ப்பின் வால்வ் தேய்ந்திருக்கும் அல்லது இன்ஜெக்டர் சொட்டும். ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துபோனால், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி அழுக்கு. சுத்தம் பண்ணினால் பெரும்பாலும் போதும்.

அதே சமயம் டாஷ்போர்டில் என்ஜின் எச்சரிக்கை விளக்கைக் கவனியுங்கள். சாவி ஆன் ஆனதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் ஸ்கேனர் வைத்து என்ன கோடு என்று பார்க்கலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. எரியவே இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும்: யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். காலி ஆம்னி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். அதற்குச் சுமார் 35 குதிரைத்திறன்தான், நான்கு கியர்தான், உங்கள் பாரத்தில் எப்படி இழுக்கிறது என்பதே கேள்வி. மேட்டில் மூன்றாம் கியரில் மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. ஐம்பது அறுபதில் தரை அதிர்ந்தால் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (இணைப்பு மூட்டு). ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்னால் ஊளைச் சத்தம் வந்தால் பின் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரம். கிராஸ் மலிவு, கிரவுன் அப்படியில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த டயரில் பாரம் ஏற்றி ஏற்காடு இறங்க வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1984-ல் வந்த வடிவமைப்பு அது. புதிய மோதல் விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் 2019-ல் தயாரிப்பு நின்றது. டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் தகரம் மட்டும்தான். ஊருக்குள், மெதுவான சாலைகளில் ஓட்ட அருமையான வண்டி. தினமும் நான்குவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் போக வேண்டிய தொழில் என்றால் நான் ஆம்னியைச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பணம் சேர்த்து 2010-க்குப் பிந்தைய மாருதி ஈகோ பாருங்கள், 1.2 லிட்டர், ஐந்து கியர், பாரத்தில் மூச்சு வாங்காது. மாருதி வெர்சா, நிசான் எவாலியா, அசோக் லேலண்ட் ஸ்டைல் மாதிரி வண்டிகள் மலிவாக வரும், ஆசைகாட்டும். எவாலியாவின் டீசல் என்ஜின் டஸ்டரிலும் மைக்ராவிலும் வந்ததுதான், அதற்குப் பாகம் கிடைக்கும். ஆனால் ஸ்லைடிங் கதவோ பக்கக் கண்ணாடியோ போனால் பழைய இரும்புக் கடையில் தேடி அலைய வேண்டும். தொழிலுக்கு வண்டி வாங்குபவர் அதைக் கட்டிக்கொள்ளக் கூடாது.

வெள்ளை போர்டு என்பதால் ஒரு எச்சரிக்கை. சொந்தப் பாத்திரம், சொந்த ஆட்கள் வரை இருக்கட்டும். அடுத்தவர் சரக்கையோ ஆட்களையோ காசு வாங்கி ஏற்றினால் அது வாடகை ஓட்டம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

பேரம் முடிந்து வண்டியை எடுக்கும்போது, தேதியோடு நேரத்தையும் போட்டு டெலிவரி நோட் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டத் தயாராக இருங்கள். ஓனர் படிவங்களில் கையெழுத்திட இழுத்தடித்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள்; மறுநாளே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வந்துவிடுவார்.

வாங்கிய முதல் வாரத்தில் ஆயில், ஆயில் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், டைமிங் பெல்ட் ஐந்தையும் மாற்றிவிடுங்கள், விற்பவர் "போன மாசம்தான் மாத்தினேன்" என்றாலும். ஹெட்டை இறக்குவதாக இருந்தால் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் அதே கையோடு செய்யச் சொன்னால் கூலி மிச்சம். பெட்ரோல் ஹோஸ்களையும் புதிதாகப் போடுங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2011-ன் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆம்னியில் அந்த ஹோஸ் வெடித்து ஒழுகினால், ஒழுகும் இடம் சூடான என்ஜின், அதற்கு மேலே நீங்கள் உட்கார்ந்திருக்கும் சீட்.